பச்சைக்கல் தண்ணீர்

வள்ளித்தாய் என்று பேச்செடுத்தால் எங்கள் தெருவில் எல்லாரும் கல்லில் வந்துதான் நிற்பார்கள். "யாரு, கல்லு கழுவுதவளா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சுடுகிற முறுக்கு இந்தத் தென்காசியில் எந்தக் கடையிலும் கிடையாது. யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாய் நிற்பாள். அதெல்லாம் ஒருத்தர் வாயிலும் வராது. ஆனால் உள்ளதைச் சொன்னால், அவள் கதையை நானும் கல்லில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அவள் வடகரைக்காரி. 1969-இல் தளவாய் அண்ணாச்சிக்கு வாக்கப்பட்டு வந்தாள். அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு வாங்கின லீவு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு மாதம் புருஷன், மிச்சத்துக்குக் காயிதம். மாமியார்க்காரியும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. லீவில் வந்து போகிறவருக்குப் பிள்ளை எங்கிருந்து வரும் என்று நான் கேட்பேன். ஊர் அப்படிக் கேட்காது, அவளைத்தான் ஒரு பார்வை பார்க்கும்.

அண்ணாச்சி வாய் திறக்காத மனுஷன். முதல் லீவுக்கு வந்தபோது பெண்டாட்டிக்கு என்ன கொண்டுவந்தார் தெரியுமா? ஒரு கல். ஜபல்பூர்ப் பக்கம் ஆற்றில் கிடந்ததாம், முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. சேலை வாங்கினால் நிறம் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயமாம். கல்லை யார் குற்றம் சொல்ல முடியும்? அவள் அதைக் கையில் வாங்கி, "கனமா இருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். அதைக் கேட்டு அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதோடு பிடித்தது வினை. எந்த ஊருக்கு மாற்றினாலும் அந்த ஊரிலிருந்து ஒரு கல் வரும். ரிஷிகேசத்திலிருந்து கண்ணாடி போல ஒரு ஸ்படிகம், செகந்திராபாத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கல், அங்கேயே வாங்கின முத்து நாலைந்து. கடைசியாக ராஞ்சியிலிருந்து ஒரு பச்சைக்கல் வந்தது. உள்ளங்கை அகலம், பச்சைக்குள்ளே பச்சையாக வரி வரியாய் ஓடும். எனக்கே அதைப் பார்த்தால் கண்ணை எடுக்கத் தோன்றாது.

புருஷன் கொடுத்த கல்லைச் சும்மா அலமாரியில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் பீர் மைதீன் பாய் கடை உண்டு. பாசிமணி, ஸ்படிக மாலை, ராசிக்கல் எல்லாம் விற்பார். சாரல் நேரத்தில் குளிக்கப் போனவள் அவரிடம் ஒவ்வொரு கல்லாகக் கொண்டுபோய்க் காட்டி எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டு வந்தாள். நானும் கூடப் போயிருக்கிறேன். பாய்க்கு வியாபாரம் முடிகிறதோ இல்லையோ, பேச்சு முடியாது.

"ஸ்படிகத்தைப் பச்சத்தண்ணியில கழுவுங்க தாயி. சூடம் காட்டுன சூட்டோட தண்ணி ஊத்துனா விரிசல் விட்டுரும். இந்த ஊதாக்கல்ல வெயில்ல வச்சா வெளிறிப் போவும், நெலா வெளிச்சம் போதும். முத்துல எலுமிச்சம்பழம், சீயக்காய், ஒண்ணும் படக்கூடாது. நனைச்ச துணியால தொடச்சுட்டு எடுத்து வையுங்க."

அத்தனையும் அவளுக்கு ஒரே தடவையில் பாடம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் குற்றாலத்துத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு வருவாள். தலைமாட்டில் வைத்திருக்கிற மரப்பெட்டியைத் திறந்து கல்லையெல்லாம் கழுவி, மொட்டை மாடியில் வெள்ளைத் துண்டு விரித்து, சாயங்காலமே பரப்பிவிடுவாள். "என்னட்டி செய்யுத?" என்று கேட்டால், "பசியாத்துதேன்க்கா. நெலாவக் குடிச்சாத்தான் அதுகளுக்குச் சக்தி ஏறும்" என்பாள். நான் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் கல்லுக்குப் பசியாற்றுகிற கூத்தை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "நீ முதல்ல சாப்பிட்டியா?" என்று கேட்பேன். சாப்பிட்டிருக்க மாட்டாள். ஒரு ஆளுக்காக உலை வைக்கச் சோம்பலாக இருக்கும் அவளுக்கு. என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடுவேன்.

பச்சைக்கல்லை மட்டும் அவள் பீர் மைதீன் பாயிடம் காட்டவில்லை. அங்கேதான் வந்தது கோளாறு. அது மரகதம் என்று அவள் தானாகவே முடிவு கட்டிவிட்டாள். மரகதம் என்றால் சும்மாவா? வெளியில் தெரிந்தால் திருட்டு, கண்ணேறு, நாலு பேர் வாய். பஸ்ஸில் கொண்டுபோக அவளுக்குப் பயம். அண்ணாச்சியும் அதை மரகதம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "ராஞ்சில கெடச்சிது" என்று சொன்னதோடு சரி. அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் குற்றாலத்தில் அருவியே வற்றிப்போகும்.

எண்பத்து நாலில் அண்ணாச்சி பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். அவள் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஆனால் வந்த மனுஷன் பாதி ஆளாக வந்திருந்தார். வயிற்றில் புண். காரம் ஆகாது, புளி ஆகாது, பட்டாளத்து ஆஸ்பத்திரி மருந்து ஒரு பை நிறைய. இங்கேயும் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். மோர்ச்சோறும் மாத்திரையுமாக இருந்தால் மெல்ல ஆறிவிடும் என்று அவர் சொன்னார். அண்ணாச்சி முதல் இரண்டு வாரம் கொஞ்சம் தேறவும் செய்தார். தெருமுனை வரைக்கும் நடந்து போய் வருவார்.

அதற்குப் பிறகு திரும்பவும் படுத்துவிட்டார். காலையில் எழுந்தால் குமட்டல், வாந்தி. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சாப்பிட்டது ஒன்றும் நிற்கவில்லை, ஆள் கறுத்துப் போனார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "வெறும் வயித்துல என்ன சாப்பிடுதீரு?" என்று கேட்டாராம். "ஒண்ணுமில்ல" என்றாராம் அண்ணாச்சி. இதுவும் சரிப்படவில்லை என்றால் மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து வள்ளித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. "இம்புட்டு வருசம் காத்துக் கெடந்தது இதுக்குத்தானாக்கா?" என்று என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு மண்டையிடி. துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வள்ளித்தாய் ஒரு டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல ஒரு வாய் குடிங்கக்கா. மரகதத் தீர்த்தம். அவுகளுக்குக் காலையில காலையில குடுக்கேன். ஒங்களுக்கும் ஒரு வாய்."

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. மேலே இரண்டு துளசி இலை.

"என்னட்டி இது, பச்சையா இருக்கு?"

"கல்லோட சத்து எறங்கிருக்குக்கா. முதல்ல வெறுந்தண்ணியிலதான் போட்டு வச்சேன், ஒண்ணும் எறங்கல. அவுக வந்தன்னைக்கு ஊரே வந்து போச்சுல்லா, நான் பெட்டிய மூடுததுக்குள்ள நாலு பேரு கல்லப் பாத்துட்டாக, கண்ணுபட்டுச் சத்து அடைஞ்சு போச்சோன்னு தோணிச்சு. திருஷ்டி கழிய எலுமிச்சம்பழத்த அறுத்துத் தேய்ச்சு, அந்தச் சாறு கலந்த தண்ணியிலயே ராவெல்லாம் ஊற வச்சேன். காலையில பாத்தா இப்பிடிப் பச்சையா எறங்கிருக்கு. மரகத லிங்கத்துக்கு அபிசேகம் செஞ்ச தண்ணி தீராத நோயெல்லாம் தீக்கும்னு சொல்லுவாகள்லா?"

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாய் வைத்தேன்.

வைத்த மறுநொடி வாசலிலேயே துப்பினேன். அந்த ருசியை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கீழப்பாவூரில் என் சித்தப்பா மகள் கல்யாணம். சமையல்காரன் ஒரு மடையன், ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் முந்தின நாளே புளியைக் கரைத்து வைத்துவிட்டான். மறுநாள் ரசம் சாப்பிட்ட அத்தனை பேரும் பந்தியை விட்டு எழுந்து வாய்க்காலுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை மாலையைக் கழற்றாமலே வாந்தி எடுத்தார். நாக்கில் துட்டை வைத்துச் சப்புகிற மாதிரி ஒரு கசப்பு, தொண்டையைப் பிடித்து இழுக்கும். களிம்பு. பித்தளையில் பூக்கிற பச்சைக் களிம்பு, அதேதான் இந்த டம்ளரில் இருந்தது.

"ஏட்டி, இது களிம்புட்டி! இதையா அண்ணாச்சிக்குக் குடுக்க?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுல ஈயம் பூசாத ஏனமே கெடையாதுக்கா. கண்ணாடிக் கிண்ணத்துலதான் ஊற வைக்கேன்."

"அப்ப கல்லுதான் களிம்பு விடுது."

"எம் புருசன் கொண்டாந்த கல்லையா சொல்லுதீக?"

பதினைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனால் போ என்று இருந்துவிடலாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. மண்டையிடியோடு எழுந்து அவள் வீட்டுக்குள் போனேன். "கல்ல எடு. பாய்கிட்டக் காட்டுவோம். அவரு மரகதம்னு சொன்னா நான் ஒன் கால்ல விழுதேன்" என்றேன். அந்த வார்த்தை சுட்டிருக்க வேண்டும். கல்லைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள்.

குற்றாலத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. சீசன் முடிகிற நேரம், கடைகளில் பாதி சாத்தியிருந்தன. பாய் கடையில் இருந்தார். துணியை அவிழ்த்து வைத்ததும் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எலுமிச்சம்பழம் தேய்த்த இடத்தில் மினுக்கம் போய்ச் சொரசொரவென்று இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல கல்லு தாயி. பட்டணத்துல இதுல டப்பா, மோதிரம் எல்லாம் செய்வாங்க. ஆனா மரகதம் இல்ல. மரகதம்னா நகம் அளவு கல்லுக்கே ஒரு வீட்ட விக்கணும். இது செம்புக்கல்லு. செம்பு வெட்டுத எடத்துல கெடைக்கும். இதுல புளிப்பு பட்டா அரிச்சிரும். என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?"

நான்தான் சொன்னேன். ஊற வைத்ததையும் குடித்ததையும் கேட்டதும் பாய் கல்லைக் கீழே வைத்துவிட்டார். "குடிச்சாரா? யா அல்லா. செம்புக் களிம்புல்லா அது. இன்னிக்கே நிறுத்துங்க. டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. நிறுத்துனா சரியாப் போவும் தாயி, பயப்படாதீங்க."

கடைக்கு வெளியே வந்ததும் வள்ளித்தாய் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அருவிக்குப் போகிறவர்கள் ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக எங்களை விலகிப் போனார்கள்.

"எங்கையாலயே குடுத்திருக்கேனேக்கா. குடிக்க மாட்டேன்னு அவுக ஒரு நாளும் சொல்லல. நான் நீட்டுவேன், அவுக வாங்கிக் குடிப்பாக. இனிமே அவுக முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நெனைப்பாக? நான் இப்பிடியே வடகரைக்குப் போயிருதேன்."

"போயி? அங்க என்ன, ஒங்கப்பன் ஒனக்குச் சிம்மாசனம் போட்டு வச்சிருக்கானா? எந்திரிட்டி. தெரியாமச் செஞ்சதுக்குச் சாமியே கோவிக்காது. உள்ளத உள்ளபடி சொல்லு. சொல்லாம விட்டா டாக்டரு வயித்தக் கீறிருவான்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணாச்சி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வள்ளித்தாய் நிலைப்படியைத் தாண்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், அவள் என் முந்தானையை விடவில்லை.

"நான் குடுத்த தண்ணி வெசமாம்," என்றாள்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னது?" என்றாள் அவள்.

"முத நாளே களிம்பு வாடை தெரிஞ்சிது. பட்டாளத்துல ஏனத்துக்கு ஈயம் பூசாம விட்டா இப்பிடித்தான் அடிக்கும். குடிச்சாக் குமட்டும், தெரியும்."

"தெரிஞ்சா குடிச்சீக?"

"நீ குடுத்த." அவர் இன்னும் தரையைத்தான் பார்த்தார். "இத்தன வருசமா இந்தக் கல்ல வச்சுக்கிட்டு ஒத்தையில இருந்திருக்க. காயிதத்துக்குக் காயிதம் கல்லக் கழுவுனேன், நெலாவுல வச்சேன்னு எழுதுவ. வேற ஒரு சொகமும் நான் ஒனக்குக் குடுக்கல. வந்து ஒரு மாசத்துல, அதுவும் வெசம்னு ஒங்கிட்ட எப்பிடிச் சொல்ல? சொன்னா அழுவ. குடிச்சா ரெண்டு வாந்தி. அதான்."

அந்த மனுஷன் மொத்தமாக அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்படிப்பட்ட ஒரு புருஷனா என்று நினைத்தேன். வள்ளித்தாய் ஓடிப் போய் அவர் காலில் விழப் போகிறாள் என்றும் நினைத்தேன்.

அவள் விழவில்லை. என் முந்தானையை விட்டாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய் அவருக்கு எதிரே நின்றாள். 'நீங்க, வாங்க' என்று தவிர அவரிடம் பேசியறியாதவள், அன்றைக்கு வாயில் வந்த முதல் சொல்லே வேறாக இருந்தது.

"ஓய், ஒமக்குக் கூறு இருக்கா?"

அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு? மதுரைக்குப் போயி வயித்தக் கீறணும்னு டாக்டரு சொன்னான். அப்பவும் பேசாம இருந்தீரே. நாளைக்கு ஒமக்கு ஒண்ணு ஆயிருந்தா, நான் எங்கையாலயே கொன்னுட்டேன்னு தெரியாமயே ஒம்ம கல்லக் கழுவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"நீ அழுவியேன்னுதான்..."

"அழுதா என்னவே? அழுதா என்ன?" அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "நான் அழுததெல்லாம் நீரு எங்க பாத்தீரு? ஒம்ம அம்மா செத்தன்னைக்கு அழுதேன், நீரு இல்ல. மூணு மாசத்துக் கரு கலைஞ்சிது, அழுதேன், நீரு இல்ல. ஒமக்குச் சங்கடமா இருக்கும்னு காயிதத்துல எழுதாம விட்டேன். நானும் சொல்லல, நீரும் சொல்லல. இப்பிடியே சொல்லாமச் சொல்லாமச் சாவோமா ரெண்டு பேரும்?"

கரு கலைந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான்தான் கூட இருந்தேன். அண்ணாச்சிக்குத் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க என்னால் முடியவில்லை.

"எப்போ?" என்று கேட்டார்.

"எழுவத்தி நாலுல," என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரலும் அழுகிறது கேட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து மோர்ச்சோறு பிசைந்து வைத்தேன். அழுது முடித்துப் பசியோடு இருப்பார்கள்.